கேம்பைலோபாக்டர்: கோழிக்கொட்டகையிலிருந்து சமையலறை வரை

கறிக்கோழியின் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் மனிதருக்கு அதிகம் தொல்லை தருபவை இரண்டு. ஒன்று, பலரும் பெயர் அறிந்த சால்மொனெல்லா. மற்றொன்று கேம்பைலோபாக்டர். வளர்ந்த நாடுகள் பலவற்றில் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்குக்கு முதன்மைக் காரணம் இந்த இரண்டாவது கிருமிதான். இவ்வளவு பரவலாக இருந்தும் இது நெடுங்காலம் கண்ணில் படவில்லை. வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளின் குடலில் சுருள் வடிவ நுண்ணுயிர்கள் இருப்பதை 1886ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் தியோடர் எஷரிக் பார்த்துவிட்டார். ஆனால் ஆய்வகத்தில் அவற்றை வளர்க்க முடியவில்லை. பெல்ஜியத்தின் பட்ஸ்லரும் இங்கிலாந்தின் மார்ட்டின் ஸ்கிர்ரோவும் 1970களில் அதற்கான முறைகளை வகுத்தனர். 1977இல் ஸ்கிர்ரோவின் கட்டுரை வெளிவந்த பிறகே மருத்துவ உலகம் இந்நோயின் பரப்பை உணர்ந்தது.

ஆய்வகத்தில் வளர மறுத்த கிருமி கோழிக்குடலில் செழித்து வளர்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு மிகவும் ஏற்ற வெப்பநிலை 42 டிகிரி செல்சியஸ். கோழியின் உடல் வெப்பமும் ஏறக்குறைய அதுவே. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் இதற்கு மிகுதி. 5 சதவீத அளவே ஒத்துவரும். அதுவும் குடலுக்குள் கிடைக்கிறது. இக்கிருமியைச் சுமக்கும் கோழி பொதுவாக நோய்வாய்ப்படுவதில்லை. நன்றாகத் தின்கிறது, எடை கூடுகிறது. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் கோழியின் குருட்டுக்குடலில் உள்ள ஒரு கிராம் கழிவில் பத்து லட்சம் முதல் பத்து கோடி வரை கிருமிகள் இருக்கலாம். மனிதரை நோயில் தள்ளச் சில நூறு போதும்.

கிருமி வயிற்றுக்குள் போன இரண்டு முதல் ஐந்து நாட்களில் காய்ச்சல், வயிற்றுவலி, சில வேளைகளில் ரத்தம் கலந்த பேதி ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். ஆயிரம் நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவருக்குப் பின்னர் கில்லன்-பாரே நோய்க்குறி வருகிறது. கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள்கள் உடலின் சொந்த நரம்புகளையே தாக்குவதால் கைகால்கள் செயலிழக்கும் நிலை அது.

கொட்டகைக்குள் நுழையும் வழிகள்

குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சுகளிடம் பொதுவாக இக்கிருமி இருப்பதில்லை. முதல் இரண்டு வாரங்களுக்குப் பிறகே காணப்படுகிறது. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்பொருள்கள் அதுவரை காப்பதாகக் கருதப்படுகிறது. பணியாளரின் காலணி, ஈ, எலி, சுத்திகரிக்கப்படாத குடிநீர், அருகில் கட்டியிருக்கும் கால்நடை என எந்த வழியாகவும் கிருமி உள்ளே வரலாம். வந்துவிட்டால் தடுப்பது கடினம். கோழிகள் தரையில் பரப்பிய ஆழ்கூளத்தைக் கொத்திக்கொண்டே இருப்பதால், ஒன்றின் எச்சம் மற்றதன் வாய்க்குள் போய், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டகை முழுவதும் தொற்றிவிடுகிறது.

கொட்டகைக்கென்று தனிக் காலணி, கைகழுவும் வசதி, குளோரின் கலந்த குடிநீர் ஆகியவை அடிப்படைக் காப்புகள். டென்மார்க்கில் 2006ஆம் ஆண்டு சில பண்ணைகளின் காற்றுத் திறப்புகளில் ஈ புகாத வலை பொருத்திப் பார்த்தார்கள். வலை இல்லாத கொட்டகைகளில் 51 சதவீதக் கோழிக்கூட்டங்களில் கிருமி இருந்தது. வலை போட்டவற்றில் அது 15 சதவீதமாகக் குறைந்தது. இன்னொரு ஆபத்தான நேரம், கோழிகளில் ஒரு பகுதியை மட்டும் பிடித்து விற்பனைக்கு அனுப்பும் நாள். பிடிக்க வரும் ஆட்களும் கூண்டுகளும் பண்ணைக்குப் பண்ணை போவதால், மீதமிருக்கும் கோழிகளுக்குக் கிருமி வந்து சேர்கிறது.

பதப்படுத்தும் ஆலையில்

குடலில் இருக்கும் கிருமி இறைச்சிக்கு வருவது ஆலையில். அறுப்பதற்குச் சுமார் 8 முதல் 12 மணி நேரத்துக்கு முன்பே தீவனத்தை நிறுத்துவது வழக்கம். குடல் காலியாக இருந்தால் எச்சம் குறையும். அறுத்த கோழிகளை 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் முக்கி இறகைத் தளர்த்துவார்கள். ஒரே தொட்டியில் கோழிகள் தொடர்ந்து இறங்குவதால் இறகிலும் காலிலும் ஒட்டியிருந்த எச்சம் நீரில் கலக்கிறது. அதனால் நல்ல ஆலைகளில் நீரைக் கோழி செல்லும் திசைக்கு எதிராக ஓடவிடுகிறார்கள். கோழி முன்னேற முன்னேறத் தூய நீரைச் சந்திக்கும்.

அடுத்தது இறகு பறிக்கும் எந்திரம். சுழலும் ரப்பர் விரல்கள் உடலை அழுத்தும்போது குடலில் மிஞ்சிய எச்சம் வெளியே பிதுங்குகிறது. அதே விரல்கள் அடுத்த கோழியையும் தொடுகின்றன. இறகு பிடுங்கிய குழிகளில் கிருமி தங்கிவிடுவதால் தோலை எவ்வளவு அலசினாலும் முழுமையாகப் போவதில்லை. குடலை நீக்கும்போது அது கிழிந்தால் கிருமி உடலின் உட்புறத்திலும் பரவும். கடைசியில் 4 டிகிரி வரை குளிரூட்டுகிறார்கள். 30 டிகிரிக்குக் கீழ் கேம்பைலோபாக்டர் பெருகாது. ஆனால் குளிர்ச்சியால் மட்டும் செத்துவிடுவதும் இல்லை.

நாடுகள் கற்ற பாடம்

ஐஸ்லாந்தில் உறையவைக்காத கோழிக்கறி சந்தைக்கு வந்ததைத் தொடர்ந்து 1990களின் இறுதியில் நோய் வேகமாகப் பெருகியது. 2000ஆம் ஆண்டு முதல் அறுப்புக்கு முன்பே கூட்டங்களைச் சோதித்து, கிருமி உள்ளவற்றின் இறைச்சியை உறையவைத்தே விற்க ஏற்பாடு செய்தார்கள். உறைநிலை கிருமியை முழுதாக ஒழிக்காவிட்டாலும் பெருமளவு குறைத்துவிடும். உறைந்த கறிக்கு விலை குறைவு என்பதால் பண்ணையாளர்களும் சுகாதாரத்தில் கவனம் செலுத்தினர். நோயாளிகள் எண்ணிக்கை சரிந்தது.

சுமார் 40 லட்சம் மக்கள் வாழ்ந்த நியூசிலாந்தில் 2006இல் ஏறக்குறைய 16,000 பேருக்கு இந்நோய் பதிவானது. கிருமிகளின் மரபணு வகையை ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலான தொற்றுக்குக் கோழியைக் காட்டின. அறுத்த கோழிகளில் கிருமியை எண்ணிக் கணக்குக் காட்டும்படியும் வரம்பைத் தாண்டாதபடியும் ஆலைகளுக்குக் கட்டாயம் விதிக்கப்பட்டது. 2008க்குள் நோய் பாதிக்கும் கீழே வந்தது. கில்லன்-பாரே நோயால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் குறைந்தனர். பிரிட்டனில் 2014-15இல் கடைகளில் விற்ற முழுக் கோழிகளைச் சோதித்தபோது 73 சதவீதத்தில் கேம்பைலோபாக்டர் இருந்தது.

கோழிகளின் நோய்களை மருந்தால் வெல்லப் பார்த்த முயற்சி வேறு ஆபத்தைக் கொண்டுவந்தது. ஒரு கோழிக்கு நோய் கண்டாலும் கொட்டகை முழுவதற்கும் குடிநீரில் மருந்து கலக்கப்படுகிறது. கோழிகளுக்கு ஃபுளோரோகுவினோலோன் வகை ஆன்டிபயாடிக் கொடுத்ததன் பின்விளைவாக, அம்மருந்துக்குக் கட்டுப்படாத கேம்பைலோபாக்டர் மனிதரிடமும் பெருகியதால், அமெரிக்கா 2005இல் கோழிப்பண்ணைகளில் அதற்குத் தடை விதித்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற மற்றோர் ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது.

கடையும் அடுப்பங்கரையும்

தமிழ்நாட்டின் பல்லடம் வட்டாரம் கறிக்கோழி வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. இம்மாநிலத்தில் பெரும்பாலும் கோழியைக் கண்ணெதிரே அறுத்து, தோலுரித்து வாங்குகிறார்கள். தோலில்தான் கிருமி அதிகம் என்பதால் அதை உரிப்பது நல்லதே. ஆனால் இறகைப் பிடித்த கையும், குடலெடுத்த கத்தியும், நாள் முழுவதும் பயன்படும் வெட்டுக்கட்டையும், மாற்றாத வாளித் தண்ணீரும் அந்தப் பயனை அழித்துவிடும். குடல் எடுக்கும் இடமும் கறி வெட்டும் இடமும் தனித்தனியாக இருப்பதும், ஓடும் நீர் இருப்பதும் சிறு கடைக்கும் இயலாத காரியமல்ல.

நன்றாகக் கொதித்த குழம்பில் கேம்பைலோபாக்டர் பிழைக்காது. இறைச்சியின் உட்பகுதி 75 டிகிரியை எட்டினால் போதும். ஆபத்து பச்சையாக உண்ணும் பொருளில் இருக்கிறது. கோழி வெட்டிய அரிவாள்மனையிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கினால், குழம்பில் சாகும் கிருமி பச்சடியில் உயிரோடு வந்து சேரும். மஞ்சள்தூள் போட்டுப் பலமுறை கழுவுவதும் காப்பாகாது. அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் தொட்டியில் பாக்டீரியா ஒட்டியிருந்தது. 26 சதவீதத்தினரின் பச்சைக் கீரைக்கும் அது போயிருந்தது. கழுவாதவர்களிலும் 31 சதவீதத்தினரின் கீரையில் அது காணப்பட்டது. கை, பலகை, தொட்டி ஆகியவற்றைச் சுத்தம் செய்யாததே குறை.

ஆகவே பச்சடியை முதலில் செய்துவிட்டுக் கோழியைப் பிறகு எடுக்கலாம். கழுவியே தீர வேண்டும் என்பவர்கள் குழாயடியில் தெறிக்கவிடாமல் பாத்திரத்தில் நீரூற்றி அலசி, பின் தொட்டியையும் கைகளையும் சோப்பால் கழுவ வேண்டும். வீட்டில் எடுக்கும் இந்தக் கவனம் கடைசி வேலி மட்டுமே. கொட்டகை வாசலிலும் ஆலையிலும் கிருமியைக் குறைப்பதே பெரிய வேலை. அளந்து பார்க்கவும் வரம்பு வைக்கவும் முன்வந்தால் அது முடியும் என்பதை ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் காட்டிவிட்டன. இங்கும் அந்த அளவீடு தொடங்கப்பட வேண்டும்.