டவ் நதிக்கரை ஒற்றையடிப் பாதை

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் லண்டன் மாநகரத்துக் கோபுரத்தையும் பாலத்தையும் பொருட்காட்சிச் சாலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இலக்கியப் பற்றுள்ளவர்கள் ஸ்ட்ராட்போர்டுக்கும் போய், ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைத் தரிசித்துவிட்டு வருவார்கள். அந்தத் தேசத்தின் நடுமத்தியில், டெர்பிஷையர், ஸ்டாபோர்டுஷையர் என்னும் இரண்டு ஜில்லாக்களுக்கும் எல்லைக் கோடாக ஓடும் டவ் என்ற ஆற்றைப் பற்றி அவர்களிடம் விசாரித்தால் விழிப்பார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. மொத்தம் 45 மைல் நீளமே உள்ள சிற்றாறு அது. நம்முடைய காவேரியின் வாய்க்கால் ஒன்றுகூட அதைக் கண்டு நகைக்கக் கூடும். ஆயினும் அதன் கரையிலுள்ள ஒற்றையடிப் பாதையில் நடப்பதற்கென்றே வருஷந்தோறும் சுமார் பத்து லட்சம் ஜனங்கள் வருகிறார்கள் என்றால், அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுமல்லவா?

டவ் என்ற பெயரைக் கேட்டதும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் புறாவின் ஞாபகம் வரும். புறாவுக்கும் இந்த நதிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலேயர் அத்தீவில் குடியேறுவதற்கு முன் அங்கே வழங்கிய கெல்டிய பாஷையில் ‘கரியது’ என்று பொருள்படும் சொல்லே இவ்வாறு திரிந்து நிற்கிறது என்று மொழி நூலார் கூறுவர். கரிய நதி என்று பெயர் பெற்ற அதன் நீரோ, அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போன்ற தெளிவுடையது. தோர்ப் என்னும் கிராமத்துக்கும் மில்டேல் என்னும் சிற்றூருக்கும் இடையே, சுமார் மூன்று மைல் தூரம், இந்நதி வெண்ணிறச் சுண்ணாம்புக்கற் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த மூன்று மைலைத்தான் டவ்டேல் என்று அழைக்கிறார்கள்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எங்கிருந்து கிடைக்கிறது என்று வகுப்பில் கேட்டால், கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். டவ்டேல் பாறைகளின் கதையும் ஏறக்குறைய அதுவே. 33 கோடி வருஷங்களுக்கு முன்பு அந்தப் பிரதேசம் பூமத்திய ரேகைக்கு அருகே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சங்கு, சிப்பி, பவளம், கடல் அல்லி முதலிய எண்ணிறந்த ஜீவன்களின் ஓடுகளும் கூடுகளுமே படிந்து இறுகிப் பாறையாயின. இன்றும் பாதையோரக் கல்லை உற்றுப் பார்த்தால் கடல் அல்லியின் தண்டுகள் திருகாணி போல் பதிந்திருப்பதைக் காணலாம். பின்னர் வெகு காலம் கழித்து, பனியுகத்தில் உருகிப் பெருகிய வெள்ளம் இந்தப் பாறையைப் பிளந்து பள்ளத்தாக்கை ஆழமாக்கிற்று. கெட்டியான பகுதிகள் மட்டும் கரையாமல் ஊசிகளாகவும் தூண்களாகவும் குன்றுகளாகவும் நின்றுவிட்டன. தோர்ப் கிளவுட் என்ற கூம்பு வடிவான குன்று அவற்றுள் ஒன்று. அதன் உயரம் 942 அடிதான். ஆனால் ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக எழுவதால் பார்ப்பதற்குப் பெரிய மலை போன்ற கம்பீரம் உண்டு.

அக்குன்றின் அடிவாரத்தில் ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கற்களைப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லாகத் தாண்டி அக்கரை சேர வேண்டும். விடுமுறை நாட்களில் இந்தக் கற்களின்மேல் நடக்கும் வேடிக்கை சொல்லி முடியாது. நடுக் கல்லில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் தம்பதிகள் ஒருபுறம். அவர்கள் நகர்வதற்காக இரு கரைகளிலும் பொறுமையுடன் காத்து நிற்கும் கூட்டம் மற்றொரு புறம். ஆங்கிலேயர் வரிசையில் நிற்பதில் வல்லவர்கள் என்பது ஆற்று மத்தியிலும் பொய்ப்பதில்லை.

அங்கிருந்து டெர்பிஷையர்க் கரையோடு மேல்நோக்கி நடந்தால், சிறிது தூரத்தில் பாதை ஒரு பாறை முனைமேல் ஏறுகிறது. அங்குள்ள படிகளை இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் கட்டினார்கள். காதலன் போரில் மாண்டான் என்று கேள்வியுற்ற பெண் ஒருத்தி இம்முனையிலிருந்து குதித்தாளென்றும், அவளுடைய பாவாடை மரக்கிளையில் சிக்கி உயிர் தப்பினாளென்றும், வீடு திரும்பியபோது காதலன் க்ஷேமமாக இருப்பதாகச் செய்தி காத்திருந்ததென்றும் ஒரு கதை உண்டு. இது கர்ண பரம்பரை. இதற்கு அப்பால் ரெய்னார்ட் குகை என்னும் இடத்தில் நிகழ்ந்ததோ மெய்யான சம்பவம். 1761-ஆம் வருஷத்தில் அயர்லாந்துப் பாதிரியாரான லாங்டன் என்பவர், உல்லாசப் பிரயாணமாக வந்த இடத்தில், ஓர் இளம்பெண்ணையும் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு அச்செங்குத்தான சரிவில் ஏற முயன்றார். குதிரை சறுக்கிற்று. பாதிரியார் காயமுற்று மாண்டார். அந்தப் பெண் தன் கூந்தல் ஒரு புதரில் சிக்கியதால் பிழைத்தாள். முன் சொன்ன கதையில் பாவாடை, இதில் கூந்தல். டவ்டேல் மரஞ்செடிகளுக்குப் பெண்கள்மீது தனிக் கருணை போலும்!

குகையைத் தாண்டியதும் இருபுறத்துப் பாறைகளும் நெருங்கி வருகின்றன. நதியும் பாதையும் தோளோடு தோள் உராய்ந்து செல்லும் இடம் அது. மழைக்காலத்தில் நதி பாதையையும் தனக்கே எடுத்துக்கொள்ளும். இங்கே நீரோட்டத்தின் நடுவிலுள்ள கல்லில், மார்பு வெளுத்த உருண்டையான சிறு பறவை ஒன்று உட்கார்ந்து ஓயாமல் வணக்கம் செலுத்துவது போல் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று நீருக்குள் இறங்கி, அடியிலுள்ள புழுவைத் தேடி நடந்துவிட்டு, வேறொரு கல்லில் வந்து ஏறும். இத்தகைய தூய ஓடை நீரைவிட்டு அப்பறவை விலகுவதில்லை.

மில்டேலில் குறுகிய பழைய கற்பாலம் ஒன்று இருக்கிறது. பொதி சுமந்த குதிரைகளுக்காகக் கட்டியது. ஐஸக் வால்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் மீன் பிடிப்பைப் பற்றிய நூலுக்கு, அவருடைய இளம் நண்பரும் இந்நதிக்கரை நிலச்சுவான்தாருமான சார்லஸ் காட்டன் 1676-இல் இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். அதில் வரும் வழிப்போக்கன் இந்தப் பாலத்தின் அகலத்தைக் கண்டு அஞ்சிப் பரிகாசம் செய்கிறான். அவன் பெயரே பாலத்துக்கு நிலைத்துவிட்டது. நதியோடு இன்னும் மேலே சென்றால், 1674-இல் காட்டன் கட்டிய மீன்பிடி மண்டபத்தையும் காணலாம். இரு நண்பர்களின் பெயர்களின் முதலெழுத்துக்களைப் பின்னிச் செதுக்கிய கல் அதில் இருக்கிறது.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் மானிபோல்ட் நதியின் விளையாட்டு வேறு. கோடையில் வெட்டன் ஆலைக்கு அருகே அது பாறைத் துவாரங்களில் நுழைந்து மறைந்துவிடுகிறது. வறண்ட படுகை மட்டும் தொடர்ந்து போகிறது. மைல்கள் கடந்து, இலாம் என்னும் ஊரின் தோட்டத்தில் பூமிக்கடியிலிருந்து கொப்புளித்து எழுந்து, பிறகு டவ் நதியில் கலக்கிறது. அந்தக் கரையில் 1904-இல் ஒரு சிறிய ரயில் பாதை போட்டார்கள். அது முப்பது வருஷங்கூட லாபகரமாக ஓடவில்லை, 1934-இல் மூடிவிட்டார்கள். நம்மூராக இருந்தால் தண்டவாளம் போன பிறகு முள் முளைத்திருக்கும். அவர்கள் 1937-இல் அதையே நடைபாதையாக்கினார்கள். 1971-இல் திறக்கப்பட்ட டிஸிங்டன் பாதையும் அவ்வாறே பழைய ரயில் மார்க்கந்தான்.

இனி, என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அது பாறையுமன்று, நதியுமன்று, பாதையின் சட்டம். இந்த நிலங்களில் பெரும்பகுதி தனியார் சொத்து. ஆனால் பொதுப் பாதை என்று ஏற்பட்டுவிட்டால், சொந்தக்காரர் அதை மறிக்க இயலாது. உழவர் வயலுக்குக் குறுக்கே பாதை போனால், உழுத பதினான்கு நாட்களுக்குள் அதைச் செப்பனிட்டு, குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும். கல் மதிலில் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையக்கூடிய சந்து விட்டிருப்பார்கள்; ஆட்டுக்கு அதில் வழி கிடையாது. இருபது வருஷ காலம் ஜனங்கள் ஒருவரையும் கேளாமல், தடையின்றி நடந்து வந்த வழி பொது வழியே என்று 1932-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்டது. காலால் எழுதிய பத்திரத்துக்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டு என்று ஏற்பட்டது எத்தனை பெரிய காரியம்!

அதே 1932-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி, டவ்டேலுக்கு வடக்கே 20 மைலுக்கு மேற்பட்ட தூரத்திலுள்ள கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. அது சுண்ணாம்புப் பிரதேசம் அல்ல; கறுத்த மணற்கல் பூமி. வருஷத்தில் சில நாட்கள் பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காக மற்ற ஜனங்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. மான்செஸ்டர் ஆலைப் புகையில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் நல்ல காற்றை நாடிய இளைஞர்கள் சுமார் 400 பேர், பென்னி ராத்மன் என்ற இருபது வயதுத் தொழிலாளியின் தலைமையில், தடையை மீறி மேலே ஏறினார்கள். வேட்டைக் காவலர்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஒரு காவலர் காயமடைந்தார். ஆறு பேரைக் கைது செய்து, ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைவாசம் விதித்தார்கள். பிறர் நிலத்தில் நுழைவது மட்டும் அங்கே கிரிமினல் குற்றமன்று. ஆதலால் கலகம், தாக்குதல் என்றே வழக்குத் தொடர்ந்தார்கள்.

நம் நாட்டு வாசகர்களுக்கு 1930-ஆம் வருஷத்துத் தண்டி யாத்திரை நினைவுக்கு வருவது இயல்பே. ஒப்புமையை அதிகமாக நீட்டுவது நியாயமாகாது. தண்டிக்கு நடந்தவர்கள் அடியை வாங்கத் தயாராகப் போனவர்கள். இவர்களில் சிலர் திருப்பியும் அடித்தார்கள். அக்காலத்து நடைச் சங்கங்களின் தலைவர்களில் பலர் இந்த இளைஞர்களைக் கண்டிக்கவும் செய்தார்கள். எனினும் நீதிபதி விதித்த கடுமையான தண்டனை நாட்டின் அநுதாபத்தை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டது. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் பிறந்தது. பொதுப் பாதைகளையெல்லாம் படத்தில் குறித்துப் பதிவு செய்யும் கடமை ஜில்லா சபைகளின் தலைமேல் விழுந்ததும் அச்சட்டத்தால்தான். 1951-இல் கிண்டரும் டவ்டேலும் அடங்கிய பிரதேசம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2002-இல், அந்த நிலத்துக்கு அன்று உடையவராயிருந்த டெவன்ஷையர்ப் பிரபுவின் பேரர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இத்தனைக்குப் பிறகும், 2000-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜனங்கள் இஷ்டம்போல் உலவக்கூடிய நிலம் இங்கிலாந்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

டவ்டேல் மட்டும் சச்சரவின்றிப் பொதுச் சொத்தானது. 1934-இல் மாவு வியாபாரத்தில் செல்வம் ஈட்டிய ஸர் ராபர்ட் மக்டூகல், இலாம் மாளிகையை விலைக்கு வாங்கி நேஷனல் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனத்துக்கு அளித்தார். இளைஞர்கள் தங்கும் விடுதியாக அது விளங்க வேண்டுமென்பது அவருடைய விருப்பம். அதுமுதல் அந்த ஸ்தாபனம் பள்ளத்தாக்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டது. 2006-இல் இது தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

இப்போது ஆபத்து வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது. பத்து லட்சம் பேருடைய காலடி பட்டுக் கரைமண் தேய்கிறது. கல் பரப்பிச் சமாளிக்கிறார்கள். பெரிய துன்பம் மரங்களுக்கு. டவ்டேல் சரிவுகளில் நிற்கும் மரங்களில் மிகப் பெரும்பாலானவை ஆஷ் என்னும் ஒரே ஜாதி. கிழக்காசியாவிலிருந்து பரவிய பூஞ்சண நோய் ஒன்று 2012-இல் பிரிட்டனில் முதன்முதலாகக் காணப்பட்டது. நுனியிலிருந்து கீழ்நோக்கி மரம் காய்ந்துகொண்டே வரும். பட்டுப்போன கிளை எப்போது முறியும் என்று சொல்ல முடியாதாகையால், பாதையை ஒட்டி நின்ற மரங்களை வெட்டி வீழ்த்தினார்கள். நான் சென்ற வசந்தத்தில், மஞ்சளும் ஊதாவுமாக மலர்ந்திருந்த புல் சரிவின் நடுவே வெட்டுண்ட அடிமரங்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. ஒரே ஜாதி மரத்தை நம்பக்கூடாதென்று இப்போது பலவகைக் கன்றுகளைக் கலந்து வைக்கிறார்கள். மான் கடியாதபடி ஒவ்வொரு கன்றையும் ஒரு குழாய்க்குள் நிறுத்தியிருக்கிறார்கள். அவை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன.