கருவி செய்தவர் கண்ட வானம்

வானியல் என்றால் மேனாட்டார்க்கே உரிய துறை, நமக்கு எட்டாக்கனி என்று எண்ணும் மாணவ நண்பர்கள் பலர். இயற்பியல் பயிலும் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நம் மதுரைச் சமவெளிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் பழனி மலையில், கொடைக்கானலில், 1899 முதல் கதிரவனை ஆராயும் வானாய்வுக்கூடம் ஒன்று உண்டு. 1960இல் அதன் தலைமையை ஏற்ற வைணு பாப்புவின் வாழ்வு நமக்கெல்லாம் நல்லதொரு பாடமாகும்.

1927இல் சென்னையில் பிறந்த பாப்பு, அமெரிக்காவில் பயிலும்போதே 1949இல் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். பின்னர் வில்சன் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1957இல் ஓர் உண்மையை வெளியிட்டார். சில வகை விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் காட்டும் ஒளிக்கோட்டின் அகலத்தை அளந்தால், அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வு தெரியும். அதனை நமக்குத் தோன்றும் ஒளிர்வுடன் ஒப்பிட்டால் தொலைவும் தெரியும். சோடியம் விளக்கின் முன் நிறமாலைமானியை வைத்து நாம் காணும் கோடுகளுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

இத்துணைப் புகழ் பெற்றவர் தாய்நாட்டில் பெரிதும் முனைந்தது கருவி செய்வதில்தான். கொடைக்கானலின் மேகங்கள் இரவு வானத்தை மறைத்தமையால், சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானலிலேயே செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் அங்கு இயங்கத் தொடங்கியது.

அடுத்து அவர் திட்டமிட்டது 2.34 மீட்டர் தொலைநோக்கி. ஆடி திரட்டும் ஒளி அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே விட்டம் ஏறத்தாழ 6 மடங்கு பெருகினால் ஒளி 38 மடங்கு பெருகும். ஆனால் ஆடிப் பரப்பின் பிழையோ ஒளியலை நீளத்தின் ஒரு சிறு பகுதிக்குள் அடங்க வேண்டும். அவ்வலை நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2,000இல் ஒரு பங்கே! அத்தகைய ஆடியை நம்மவர்களே பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினர். 1982இல் பாப்பு மறைந்தார். 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கியுள்ளது. அதன் வழியே வானைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை; பிறர் காண்கின்றனர்.

முதுகலை இயற்பியல் முடித்தோர் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் போன்றவற்றில் ஆராய்ச்சி மாணவராகலாம். கணிதம் வல்லார் மட்டுமன்றி, ஒளியியலும் மின்னணுவியலும் கடைசல் வேலையும் அறிந்தவர்களும் இத்துறைக்குத் தேவை. கருவி காட்டும் அளவைக் குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு நாம் நின்றுவிட்டால், பிறர் செய்த கருவி காட்டுவதை மட்டுமே என்றும் காண்போம். எனவே, ஆய்வகத்தில் பழுதாகிக் கிடக்கும் கருவிகளைப் பிரித்துப் பார்க்க எங்களை அனுமதிக்குமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். நண்பர்களே, திருப்புளியை எடுக்கத் தயங்காதீர்கள்!