இரண்டாம் முறை அதே அறையில்

“இதற்கு முன் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா?”

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருபவர் இதற்கு ‘ஆம்’ என்றால், கதிர்வீச்சுச் சிகிச்சையாளரின் வேலை இன்னும் நுணுக்கமாகிறது.

நம் வட்டாரத்தில் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். முதல் சிகிச்சையில் கட்டிக்கு ஏறத்தாழ 70 கிரே கதிர்வீச்சு, ஆறேழு வாரங்களில் சிறு சிறு தவணைகளாகச் செலுத்தப்படும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நோய் மீண்டும் வந்தால்? அருகிலேயே மூளைத்தண்டும் முதுகுத்தண்டுவடமும் உள்ளன. தண்டுவடத்துக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் அளவு 45 முதல் 50 கிரே. அதில் பெரும்பகுதி முதல் முறையே செலவாகியிருக்கலாம். காலப்போக்கில் நரம்புத் திசு ஓரளவு தேறினாலும் பழைய கணக்கு முழுவதும் அழிவதில்லை. வரம்பு மீறினால் கைகால் செயலிழக்கும் ஆபத்து உண்டு.

ஆகவே, பழைய கோப்பு வேண்டும். முதல் சிகிச்சை ஜோகூரிலோ சென்னையிலோ நடந்திருந்தால் அங்கிருந்து வரவழைக்க வேண்டும். மறுபடியும் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்பதை மருத்துவர் முடிவெடுப்பார். மருத்துவ இயற்பியலாளர் இரு முறைகளின் அளவையும் சேர்த்துக் கணக்கிடுவார். அந்தத் திட்டத்தை நாள்தோறும் நோயாளியின் உடலில் நிறைவேற்றுபவர் சிகிச்சையாளர்.

வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து அச்செடுப்பார்கள். சிகிச்சையின்போது அதுவே தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். முதல் சிகிச்சையால் கழுத்து இறுகிப்போனவர்கள் பலர். அவர்களால் தாங்கக்கூடிய நிலையில் படுக்கவைப்பதே ஒரு கலை. பிறகு, சிகிச்சை இயந்திரத்திலேயே ஸ்கேன் எடுத்து, திட்டப் படத்துடன் ஒப்பிட்டு, படுக்கையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். நோயாளி மெலிந்து முக அச்சு தளர்ந்துவிட்டால் முதலில் கண்ணில் படுவதும் இவர்களுக்குத்தான். உடனே சொன்னால் திட்டத்தை மாற்றலாம். கவனிக்காமல் விட்டால் கதிர் இடம் தவறும்.

முதல்முறை வருபவருக்கு இயந்திரத்தைப் பற்றி விளக்கினால் பாதிப் பயம் போய்விடும். மறுமுறை வருபவருக்கு அந்த அறையின் குளிர்கூடப் பழக்கம். அவர் கேட்பது வேறு: “போன தடவை வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்கவில்லை. இப்போதும் அப்படித்தானா?” ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிடுவது எளிது, சொல்லக்கூடாது. எதை எதிர்பார்க்கலாம், எப்போது தாதியிடமோ உணவியல் நிபுணரிடமோ போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லவேண்டும்.

சிங்கப்பூரில் இதற்கான பட்டப்படிப்பை எஸ்ஐடி எனும் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் வழங்குகிறது. இயற்பியல், உடற்கூறியல் பாடங்களோடு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு.