குற்றாலச் சாரலும் காத்திருக்காத விதைகளும்

தென்காசி வட்டார வயல்களில் கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் விதைநெல் மாதக்கணக்காகக் குலுக்கையிலோ சாக்கிலோ கிடந்து, ஊறவைத்த ஓரிரு நாளில் முளைகட்டிவிடுகிறது. அவ்வயல்களுக்கு மேற்கே குற்றாலமலை அடிவாரத்தில் காய்க்கும் மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு, ரம்புட்டான், துரியன் ஆகியவற்றின் விதைகளோ, பழத்தைவிட்டு வெளியேறிச் சில நாள் உலர்ந்தாலே முளைப்புத்திறனை இழக்கின்றன. ஒரே மாவட்டத்துப் பயிர்களிடையே காணப்படும் இவ்வேறுபாடு விதையின் இயல்பை விளக்குவதோடு, குற்றாலத்தின் பழத்தோட்டங்களை எவ்வாறு காக்க வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது.

விதைகளைச் சேமிக்கும் தன்மைக்கேற்ப இரு வகையாகப் பிரித்துக் காட்டியவர் இ. எச். ராபர்ட்ஸ் என்னும் விதையியல் அறிஞர். 1973-இல் அவர் வகுத்த இப்பிரிவே இன்றும் வழக்கில் உள்ளது. நெல், கம்பு, உளுந்து, மிளகாய், கத்தரி போன்றவற்றின் விதைகள் செடியிலேயே முற்றி உலர்ந்து, ஈரப்பதம் மிகக் குறைந்த நிலையிலும் உயிரோடிருப்பவை. அவற்றை உலர்தாங்கு விதைகள் எனலாம். சான்றுபெற்ற விதைநெல்லில் ஈரம் 13 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்று விதி வகுக்கப்பட்டிருப்பதும், உலர உலர இவ்விதைகளின் ஆயுள் நீள்வதனாலேயே ஆகும். பாலைநிலக் கோட்டையான மசாதாவில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-இல் ஊன்றப்பட்டு முளைத்தது இவ்வாற்றலின் எல்லையைக் காட்டும். இரண்டாவது வகையான உலர்தாங்கா விதைகள் ஈரம் நிறைந்த நிலையிலேயே மரத்திலிருந்து உதிர்கின்றன. ஈரம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் அவற்றின் உயிரணுக்கள் சிதைந்துவிடுகின்றன. மாவும் பலாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. குற்றாலநாதர் கோயிலின் தலமரமாகிய குறும்பலாவின் கொட்டையும் ஈரம் காயாதிருக்கும் வரையில்தான் முளைக்கும்.

இத்தகைய இயல்பு ஏன் தோன்றியது என்பதற்குக் காட்டின் மழையே விடை தருகிறது. ஆண்டின் பெரும்பகுதி ஈரமாயிருக்கும் வெப்பமண்டலக் காட்டில் உதிரும் விதை, நல்ல காலம் வரும் வரை உறங்கிக் கிடக்கத் தேவையில்லை. நிழலடர்ந்த தரையில் உடனே வேர்விட்டு, கொட்டையில் திரண்டிருக்கும் உணவைக்கொண்டு நாற்றாக நிற்பதே அதற்கு நலம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து ஜூன் முதல் பொழியும் சாரலே குற்றாலத்தின் சீசன் எனப்படுகிறது. மங்குஸ்தான் பழமும் ஜாதிக்காயும் பெரும்பாலும் அம்மாதங்களிலேயே முதிர்கின்றன. ஆகவே விதை விழும் காலமும் அது முளைக்க வேண்டிய ஈரக் காலமும் இங்கே ஒன்றாக அமைகின்றன.

இம்மரங்கள் குற்றாலத்துக்கு வந்த வரலாற்றையும் விதையின் இயல்பே தீர்மானித்தது. ஜாதிக்காயும் கிராம்பும் பல நூற்றாண்டுகளாகக் கடல்வழி வணிகத்தால் தமிழகத்துச் சந்தைகளை அடைந்தபோதிலும், அவற்றின் மரங்கள் இங்கே முளைக்கவில்லை. கிராம்பு என்று விற்கப்படுவது விரியாத பூமொட்டு. அது விதையே அன்று. ஜாதிக்காயோ ஓட்டுக்குள் பருப்பு குலுங்கும் வரை உலர்த்தப்பட்டே வணிகத்துக்கு வருவதால், அதனுள் உயிர் எஞ்சுவதில்லை. பாண்டா தீவுகளிலும் அம்போன் தீவிலும் வளர்ந்த இம்மரங்களை டச்சுக்காரர்கள் நெடுங்காலம் தம் பிடியிலேயே வைத்திருக்க முடிந்ததற்கு அவர்களின் காவலோடு இவ்வியல்பும் துணைநின்றது. 1796-இல் ஆங்கிலேயர் அத்தீவுகளைக் கைப்பற்றியபின், கிழக்கிந்தியக் கம்பெனி கிறிஸ்டோபர் ஸ்மித் என்னும் தாவரவியலாளரைக்கொண்டு உயிருள்ள கன்றுகளைத் திரட்டிப் பினாங்கு முதலிய இடங்களுக்கு அனுப்பியது. இந்தியாவில் கிராம்பு முதன்முதலாக 1800-ஆம் ஆண்டளவில் குற்றாலத்தில் கம்பெனி அமைத்த நறுமணப் பயிர்த் தோட்டத்திலேயே நடப்பட்டது. அங்கு அது செழித்ததைக் கண்டபின், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீலகிரிக்கும் அன்றைய தென் திருவிதாங்கூர் மலைச்சரிவுகளுக்கும் பரவியது. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்புக்கு முன்வரலாறு இதுவே.

இவ்விதைகளை முளைக்கவைப்போர் அறிய வேண்டிய முதல் விதி, பழம் கிடைத்த அன்றே ஊன்றுவது. மங்குஸ்தான் பழத்துக்குள் ஐந்து முதல் எட்டு வரை இருக்கும் வெண்சுளைகளில், பெரிய ஒன்றிரண்டில் மட்டுமே கொட்டை இருக்கும். பருத்த கொட்டையிலிருந்து எழும் நாற்றே வலுவாக வளரும். சதையை நன்கு கழுவி நீக்கி, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த பையில் ஊன்றி, நிழலிலும் ஈரத்திலும் வைத்திருந்தால் சில வாரங்களில் முளை தெரியும். மங்குஸ்தானின் ஆணிவேர் நீண்டு இறங்குவது, பக்கவேர்கள் குறைந்தது. அதனால் ஆழமான பையும், வேர் அறாமல் இடம் மாற்றும் பொறுமையும் தேவை. ஜாதிக்காயைப் பொறுத்தவரை, மரத்திலேயே வெடித்த காயிலிருந்து சிவந்த ஜாதிபத்திரியை நீக்கி, ஓட்டோடு உடனே புதைக்க வேண்டும். முளைவிட ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். கிராம்புக்கு, மொட்டு பறிக்காமல் விடப்பட்டு மரத்தில் முழுமையாகப் பழுத்த கனி வேண்டும். அதன் தோலை நீக்கி நிழற்பாத்தியில் ஊன்றினால் பத்துப் பதினைந்து நாளில் முளைக்கத் தொடங்கினாலும், நடவுக்கேற்ற கன்றாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

நாற்று எழுந்தபின் அது தாயை ஒத்திருக்குமா என்னும் கேள்வி எழுகிறது. மங்குஸ்தானில் மகரந்தச் சேர்க்கையின்றியே, தாயின் திசுவிலிருந்து நேரடியாக விதை உருவாகிறது. கருவுறா விதையாக்கம் எனப்படும் இம்முறையால் ஒவ்வொரு நாற்றும் தாய்மரத்தின் நகலாக இருக்கும். எனவே நல்ல மரத்தின் கொட்டையை ஊன்றினால் நல்ல மரமே கிடைக்கும், ஆனால் காய்க்க எட்டு, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியில் பெருவாரியாகப் பயிராகும் எலுமிச்சையிலும் இதற்கு நெருங்கிய நிலை உண்டு: ஒரே விதையிலிருந்து பல நாற்றுகள் எழ, அவற்றுள் பெரும்பாலானவை தாயின் திசுவில் தோன்றியவை. ஜாதிக்காயின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனியாக இருப்பதாலும், விதைநாற்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாக அமைவதாலும், ஆறேழு ஆண்டுகள் வளர்த்துப் பூத்தபின்னரே காய்க்கும் மரம் எதுவெனத் தெரியவரும். இவ்விழப்பைத் தவிர்க்கவே, விதைநாற்றின் இளந்தண்டில் தேர்ந்த பெண்மரத்தின் துளிரை ஒட்டுக்கட்டும் முறை பின்பற்றப்படுகிறது. ஒட்டுக்கன்றுக்கும் அடிவேரைத் தருவது விதைநாற்றே.

வருங்காலத்துக்கான பாதுகாப்பும் இவ்விதைகளுக்கு வேறுவகையில் அமைய வேண்டியுள்ளது. 2008-இல் நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம் விதைகளை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்கிறது. ஆனால் உலர்த்தி உறையவைக்க முடியாத மங்குஸ்தானுக்கும் ஜாதிக்காய்க்கும் அங்கே இடமில்லை. விதையின் கருவை மட்டும் பிரித்தெடுத்து மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைக்கும் முறை சில இனங்களுக்குக் கைகொடுத்தாலும், அது ஆய்வுக்கூடத்துக்கே உரியது. ஆகவே இத்தகைய பயிர்களுக்கு நிலத்தில் நிற்கும் மரமே விதைவங்கி. அறிவியலார் இதனைக் கள மரபணு வங்கி என்பர்.

இவ்வுண்மையின்படி, குற்றாலத்துத் தோட்டங்களில் நிற்கும் முதிர்ந்த மரங்கள் ஒவ்வொன்றையும் அடையாளமிட்டு, காய்க்கும் மாதமும் பழத்தின் தரமும் ஆணா பெண்ணா என்பதும் குறித்த தாய்மரப் பதிவேடு ஒன்று உருவாக்கப்பட வேண்டும். நாற்றங்கால் பைகளிலும் ஊன்றிய நாளும் தாய்மரத்தின் எண்ணும் எழுதப்பட வேண்டும். சீசனுக்கு வந்து பழம் வாங்குவோரும் இதில் பங்கேற்கலாம். கொட்டையைத் தனியே எடுத்து வெயிலில் காயவிடாமல், பழத்தோடே எடுத்துச்சென்றோ ஈரமான தென்னைநார்க் கழிவில் பொதிந்தோ ஊர் சேர்த்து உடனே ஊன்றினால் நாற்று பெறலாம். எனினும் வறண்ட சமவெளியில் முளைத்த கன்று நிலைப்பது அரிது என்பதால், மலையடிவாரத்துத் தோட்டங்களுக்கே இம்முயற்சி முழுப்பயன் தரும். இன்று ஊன்றப்படும் ஜாதிக்காயின் பயனைக் காண ஆறேழு ஆண்டுகளும் மங்குஸ்தானின் பயனைக் காண அதற்கு மேலும் ஆகும். முதிர்ந்த மரங்கள் நலமாகக் காய்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு சாரல் காலத்திலும் அவற்றின் அடுத்த தலைமுறையை மண்ணில் இடுவதுதான் குற்றாலம் தன் தோட்டச் செல்வத்தைக் காத்துக்கொள்ளும் உறுதியான வழியாகும்.