மொழி மாறினால் முரண்டு பிடிக்கும் சாவிகள்

டிசைன் மென்பொருளில் ஷார்ட்கட்டுகள் திடீரென்று செயலிழந்தால் பழி கீபோர்டின் மீது விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறது.

பழைய டெல்லியின் சாவ்ரி பஜார் திருமண அழைப்பிதழ்களுக்குப் பேர்போன இடம். அங்கேயாகட்டும், நாட்டின் வேறெந்த அச்சுத் தெருவிலாகட்டும், கைதேர்ந்த டி.டி.பி. ஆபரேட்டரின் இடது கை கீபோர்டை விட்டு நகர்வதில்லை. வலது கையில் மவுஸ். இடது கை விரல் ஒரு தட்டில் கருவியை மாற்றும், அடுத்த தட்டில் படத்தைப் பெரிதாக்கும். மெனுவைத் திறந்து தேடுவதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை.

அப்படிப்பட்டவர் ஃபோட்டோஷாப்பில் நகர்த்தும் கருவிக்காக 'வி' சாவியைத் தட்டுகிறார். எதுவும் நடப்பதில்லை. ஓங்கித் தட்டுகிறார். ஊஹூம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. கடைசியில் புது கீபோர்டு வாங்குகிறார்கள். அதுவும் இரண்டு நாளில் அதே முரண்டைப் பிடிக்கிறது.

விஷயம் இதுதான்: திரையின் கீழ்மூலையில் மொழியைக் காட்டும் சிறு குறி ஆங்கிலத்திலிருந்து ஹிந்திக்கோ தமிழுக்கோ மாறியிருக்கும். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு சாவியைத் தட்டும்போது கம்ப்யூட்டருக்கு இரண்டு தகவல்கள் கிடைக்கின்றன. எந்த இடத்திலுள்ள சாவி என்பது ஒன்று; அது இப்போது எந்த எழுத்தைத் தருகிறது என்பது மற்றொன்று. சில மென்பொருள்கள் இடத்தைப் பார்க்கின்றன, சில எழுத்தைப் பார்க்கின்றன. ஹிந்தி இன்ஸ்கிரிப்ட் முறையில் 'வி' சாவி தருவது 'ந'. தமிழ்99 முறையில் 'வ'. எழுத்தைப் பார்க்கும் மென்பொருளுக்கு 'வ' என்றொரு கட்டளை தெரியாது. எனவே அது சும்மா இருந்துவிடுகிறது.

கன்ட்ரோல் சாவியோடு சேர்ந்த கட்டளைகள் பல சமயம் வழக்கம் போல வேலை செய்வதுதான் குழப்பத்தை அதிகமாக்குகிறது. பிரதி எடுக்க முடிகிறது, சேமிக்க முடிகிறது. ஒற்றை எழுத்துச் சாவிகள் மட்டும் ஊமையாகிவிடுகின்றன. பாதி கெட்டு பாதி வேலை செய்யும் கருவியைப் பார்த்தால் யாருக்கும் இயந்திரத்தின் மீதுதான் சந்தேகம் வரும்.

மொழியை மாற்றியது யார்? பெரும்பாலும் ஆபரேட்டரேதான், தன்னையறியாமல். விண்டோஸில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைச் சேர்த்திருந்தால் இடது ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்துவது மொழியை மாற்றும் வழி. ஒரு படத்தை விகிதம் கெடாமல் நடுவிலிருந்து பெரிதாக்க டிசைன் மென்பொருள்களில் காலங்காலமாக அழுத்தப்படுவதும் இதே ஆல்ட், ஷிஃப்ட் ஜோடிதான். மணமக்களின் படத்தை இழுத்துப் பெரிதாக்கிய அந்தக் கணத்தில் ஆங்கிலம் போய் தமிழ் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து தட்டும் சாவி வேலை செய்யாது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்குத் தோன்றும்?

இதே கடைகளில் பல ஆண்டுகளாக இந்தத் தொல்லை இல்லாததற்கும் காரணம் உண்டு. ஹிந்தியில் கிருதி தேவ், தமிழில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆபரேட்டர் தட்டியது ஆங்கில எழுத்துத்தான். அதன் உருவத்துக்குப் பதிலாக எழுத்துரு 'அ'வையோ 'க'வையோ வரைந்து காட்டியது. கீபோர்டு கடைசி வரை ஆங்கிலத்திலேயே இருந்ததால் ஷார்ட்கட்டுகள் பிசகவில்லை. யூனிகோடு வந்ததும் அந்தத் தந்திரம் முடிவுக்கு வந்தது. தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்கும் தமிழ் எழுத்தாகவே தெரிகிறது. அதற்குக் கீபோர்டும் தமிழுக்கு மாற வேண்டும்.

ஆகவேதான் பல கடைகளில் யூனிகோடு என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அந்த முகச்சுளிப்புக்கு வரலாறும் துணை நின்றது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், தமிழ், ஹிந்தி உள்ளிட்ட 10 இந்திய மொழிகளின் யூனிகோடு எழுத்துகளைச் சரிவரக் கையாளத் தொடங்கியது 2012இல் வெளியான சிஎஸ்6 பதிப்பில்தான். அதற்கு முன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அந்தக் குறை தீர்ந்த பிறகும் ஷார்ட்கட் தொல்லை ஆபரேட்டரைப் பழைய எழுத்துருவுக்கே திருப்பி அனுப்புகிறது. அழைப்பிதழுக்கு அது போதும். ஆனால் அப்படி அச்சுக்கோத்த புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மறுபதிப்பு வரும்போது முழுவதையும் வேறு குறியீட்டுக்கு மாற்றிப் பிழை திருத்த வேண்டும். ஒரு சாவியின் முரண்டுக்கு ஒரு மொழியின் நூல்கள் விலை கொடுக்கின்றன.

எல்லாப் பழியையும் மொழியின் மீது போடவும் முடியாது. 2018 அக்டோபரில் வந்த ஃபோட்டோஷாப் பதிப்பு, செய்ததை ரத்து செய்யும் கன்ட்ரோல்-இசட் சாவியின் பழக்கத்தையே மாற்றியது. அதுவரை கடைசி மாற்றத்தை மட்டும் முன்னும் பின்னுமாகக் காட்டிய அது, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லத் தொடங்கியது. படத்தின் விகிதத்தைக் காக்க ஷிஃப்ட்டை அழுத்த வேண்டிய அவசியமும் போனது. அழுத்தினால் விகிதம் கெட்டது. பழகிய விரல்களுக்கு இரண்டுமே 'கெட்டுப்போன' சாவிகள். இரண்டையும் பழையபடி மாற்றிக்கொள்ள மென்பொருளிலேயே வசதி உண்டு.

மென்பொருள்கள் எல்லாம் எழுத்தைப் பார்க்காமல் சாவியின் இடத்தைப் பார்த்தால் இந்தச் சிக்கலே எழாது. அதுவரை, ஆபரேட்டரை விரட்டுவதற்கும் புது கீபோர்டு வாங்குவதற்கும் முன்னால் திரையின் மூலையை ஒரு முறை பார்ப்பது லாபகரமானது.

எங்கே பார்ப்பது?

மொழிக் குறி: விண்டோஸ் சாவியையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். சாவி உயிர் பெற்றால் காரணம் தெரிந்துவிட்டது.

ஆல்ட்-ஷிஃப்ட்: விண்டோஸின் கீபோர்டு அமைப்புகளில் மொழி மாற்றும் சாவிகளுக்கான பகுதிக்குப் போய் இந்த ஜோடியை நீக்கிவிடலாம். ஒவ்வொரு மென்பொருள் சன்னலுக்கும் தனி மொழி வைக்கும் வசதியும் அங்கே அருகிலேயே உண்டு. ஃபோட்டோஷாப் ஆங்கிலத்திலும் தட்டச்சு தமிழிலும் இருக்கலாம்.

எழுத்துப் பெட்டி: கர்சர் எழுத்துக்குள் துடித்துக்கொண்டிருந்தால் 'வி' கட்டளையாகாது, எழுத்தாகத்தான் விழும். ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தி வெளியே வரலாம்.

எஃப் வரிசை: பல லேப்டாப்களில் எஃப்1 முதல் எஃப்12 வரையிலான சாவிகள் ஒலியையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும். கோரல் டிராவில் எஃப்10 கேட்காவிட்டால் எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

ஷிஃப்ட்: வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்தியிருந்தால் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். படிக்காமல் 'ஆம்' என்று சொன்னால் வேகமாகத் தட்டும் தட்டல்களை அது புறக்கணிக்கும். ஃபில்டர் கீஸ் என்ற அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

கடைசி வழி: ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் அமைப்புகளை அழித்துவிடலாம். கோரல் டிராவுக்கு எஃப்8. சொந்தமாக அமைத்துக்கொண்ட ஷார்ட்கட்டுகள் இருந்தால் முதலில் அவற்றைத் தனியே சேமித்து வைப்பது நல்லது.