கல்யாணப் படத்தைக் காப்பது எப்படி?

பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்த மண் சேர்ந்து, கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது.

அந்தப் பகுதியில் 2023 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது!

வெள்ளம் புகுந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், அதிலுள்ள கல்யாணப் படங்கள் என்ன ஆகும்?

இரண்டு டிஸ்க் போதுமா?

சிலர் வீட்டிலேயே "சர்வர்" வைத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஒரே விஷயத்தைப் பதிகிறார்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று கை கொடுக்கும். ஆனால் கை தவறி ஒரு படத்தை அழித்தால், இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் நனையும்!

என்ன செய்யவேண்டும்?

படம் திறக்கத் தாமதமாகிறதா? பிழை என்று அறிவிப்பு வருகிறதா? முதலில் வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பழுது பார்ப்பது பிறகு.

"டிக், டிக்" என்று சத்தம் கேட்டால், உடனே நிறுத்திவிடுங்கள். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. இரண்டையும் நிபுணரிடம்தான் கொடுக்கவேண்டும்.

ஓலை செல்லரிக்கும் முன்பே புது ஓலையில் எழுதி வைத்தார்கள், நம் முன்னோர். நீங்களும் மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றில் ஒன்று வெளியூரில் இருக்கட்டும். அவ்வப்போது திறந்தும் பாருங்கள்!