டார்ச் அடித்த படம் கேளுங்கள்

பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனால் லென்ஸைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்போம். ஈபே போன்ற இணைய ஏலத்தில் அதற்கு வழியில்லை. விற்பவர் போட்ட படங்களையும் எழுதிய நாலு வரியையும் நம்பித்தான் விலை கேட்கிறோம்.

'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், பழுது என்றே வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். 1976இல் வந்த கேனான் ஏஇ-1க்கு வேண்டியது ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றுதான். அதைப் போட்டு ஷட்டரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. கேமரா விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் அதைக்கூடச் செய்யாமல் விட்டிருப்பார் என்று நான் நம்புவதில்லை.

லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. முன்கண்ணாடி பளபளவென்று இருக்கும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால், ஓரத்தில் தொடங்கி வெள்ளை நூலாகக் கிளை பிரிந்து உள்ளே படர்ந்திருப்பது தெரியும். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும்; பிறகு துடைத்தாலும் தடம் போகாது. அதனால் டார்ச் அடித்து எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் உடனே அனுப்புவார். மழுப்பினால் விட்டுவிடுங்கள். அதே லென்ஸ் இன்னொரு நாள் இன்னொருவரிடமிருந்து வரும்.

ஈபேயில் உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். அது மற்றவர்களுக்குத் தெரியாது. நீங்கள் 100 டாலர் கொடுத்து, எதிரே கேட்பவரின் உச்சம் 60 என்றால், விலை 61இல் நின்றுவிடும். ஆகவே அந்தத் தொகையை நிதானமாக முடிவு செய்யுங்கள். விற்பனைக்கு இருப்பவற்றின் விலையைப் பார்க்காதீர்கள். விற்றுப்போனவற்றின் விலையைப் பாருங்கள். அதில் தபால் செலவையும் சுங்க வரியையும் கழித்தால் உங்கள் எல்லை கிடைக்கும். பரபரப்பில் அதைத் தாண்டவே கூடாது. ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடுவதால், கடைசிப் பத்து விநாடியில் வந்து கேட்பவர்கள் நிறைய. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் பல பொருள்களுக்கு அந்த உத்தி செல்லாது. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலையை ஏற்றினால், நேரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும்.

விற்பவராக இருந்தால், கீறலைத்தான் முதலில் கிட்டப் போய்ப் படம் எடுங்கள். குறை தெரிந்தே வாங்கியவர் அதைச் சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டார். அனுப்பும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். லென்ஸுக்கு இருபக்கமும் மூடி போடுங்கள். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள்; உள்ளே எதுவும் அசையாவிட்டால் மட்டும் டேப் ஒட்டுங்கள்.